இருவருக்கு ஒரு பதிவு

கொஞ்சம் நீளமான பதிவு. சீடை உருட்டிய கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் டீச்சரை மன்னிக்கவும்.

நேற்று வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், இன்று கிருஷ்ண ஜெயந்தி, நாளை ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. பழைய பள்ளியில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போய்விட்டு வந்தேன். மிட்டாய் கொடுத்தார்கள். நம் குழுவில் இருக்கும் இரண்டு பேரை அங்கே எதிர்பார்த்தேன். இருவருமே வரவில்லை. ஒருவன் வருவானோ என்று மற்றவன் வரவில்லை. பெயர் வேண்டாம், யாரென்று உங்களுக்கே தெரியும். ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவன் கொண்டுவரும் புளிசாதத்தை மற்றவன் சாப்பிட்டுவிட, அவன் சத்துணவு வரிசையில் போய் நிற்பான்.

இந்த மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது, ஒருவன் குழுவில் "அடித்து முடிக்க வேண்டும்" என்று எழுதினான். மற்றவன் "போதும், நிறுத்தட்டும்" என்று எழுதினான். அதற்கு ஒரு சொல் வந்தது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். போதும் என்று எழுதியவன் பதினேழு ஆண்டு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். அதைக் கேட்டவன் ஒன்றும் பதில் சொல்லாமல் குழுவைவிட்டு வெளியேறினான். மூன்று மாதம் ஆகிறது.

நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்காமல் விட்ட சில பாடங்களை இப்போது சொல்கிறேன்.

1932இல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கியது. முதல் அணியில் 40 பேர். ஒன்றாக ஓடி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் திட்டு வாங்கியவர்கள். அந்த 40 பேரில் மூன்று பேர் பிற்காலத்தில் ராணுவத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்கள், மூன்று வெவ்வேறு நாடுகளுக்கு. சாம் மானெக்‌ஷா இந்தியாவுக்கு. ஸ்மித் டன் பர்மாவுக்கு. முகமது மூசா பாகிஸ்தானுக்கு. 1965 போரில் பாகிஸ்தான் படைக்குத் தலைமை வகித்தவர் இந்த மூசாதான். ஒரே மைதானத்தில் அணிவகுத்த பையன்களுக்கு நடுவில் பிறகு யாரோ கோடு போட்டார்கள்.

1947இல் நாட்டைப் பிரித்தபோது ராணுவத்தையும் பிரித்தார்கள். நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது அண்டா குண்டாவை எண்ணுவார்களே, அப்படித்தான். துப்பாக்கி, லாரி, நாற்காலி எல்லாவற்றையும் எண்ணினார்கள். கூடவே மனிதர்களையும் பிரித்தார்கள். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் டெல்லி ஜிம்கானா கிளப்பில் பிரிவு உபசார விருந்து நடந்தது. பிரிகேடியர் கரியப்பா, பாகிஸ்தானுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வெள்ளிச் சிலையைப் பரிசாகக் கொடுத்தார். இரண்டு சிப்பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே திசையில் துப்பாக்கி பிடித்திருக்கும் சிலை. மீண்டும் சந்திப்போம் என்று கட்டித் தழுவிப் பிரிந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் காஷ்மீரில் போர். சந்தித்தார்கள், ஆனால் எதிரெதிராக.

அந்தப் போரில் எனக்கு மறக்க முடியாத பெயர் பிரிகேடியர் முகமது உஸ்மான். அவர் இருந்த பலூச் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. அவரையும் வரச் சொல்லி அங்கிருந்து அழைத்தார்கள், பெரிய பதவி காத்திருந்தது. அவர் போகவில்லை. நௌஷேராவைக் காத்தார். ஜாங்கர் என்ற ஊர் கைவிட்டுப் போயிருந்தது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுக்க மாட்டேன் என்று தரையில் பாய் விரித்துப் படுத்தாராம். 1948 மார்ச்சில் மீட்டார். ஜூலை 3ஆம் தேதி அதே ஜாங்கரில் குண்டு விழுந்து இறந்தார். 36 வயது நிறைய இன்னும் சில நாள்தான் இருந்தது. அவர் இறுதி ஊர்வலத்தில் நேரு கலந்துகொண்டார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. எதிரே சுட்டவர்களில் எத்தனை பேர் அவரோடு பழைய படையில் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்களோ! அந்த மனிதரின் நாட்டுப்பற்றை எந்தத் தராசில் நிறுப்பது? குழுவில் யார் அதிகம் ஆச்சரியக்குறி போடுகிறார் என்ற தராசிலா?

கரியப்பாவை விட்ட இடத்துக்கு வருகிறேன். 1949 ஜனவரி 15 அன்று இந்தியப் படைக்கு முதல் இந்தியத் தளபதியானார். அதனால்தான் அந்த நாளை ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். ஓய்வு பெற்று குடகு மடிக்கேரியில் இருந்தார். 1965 போரில் அவருடைய மகன் விமானப் படை விமானி. போர் நிற்பதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 22, மகனின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு பாகிஸ்தானில் கைதியானார். அப்போது பாகிஸ்தான் அதிபர் அயூப்கான். பிரிவினைக்கு முன் கரியப்பாவிடம் வேலை பார்த்தவர். பையனை விடுவிக்கிறேன் என்று தூதர் மூலம் சொல்லி அனுப்பினார். கரியப்பா சொன்ன பதில், அங்கே கைதியாக இருக்கிற எல்லோருமே என் பிள்ளைகள்தான், விட்டால் எல்லோரையும் விடுங்கள் என்பது. பெற்ற வயிறு உள்ளவர்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல எவ்வளவு பலம் வேண்டும் என்று. மகன் மற்றக் கைதிகளோடு மறு ஆண்டுதான் திரும்பினார். அங்கே இருந்தபோது அயூப்கான் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் தத்தம் நாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பழக்கத்தையும் விட்டுவிடவில்லை.

மானெக்‌ஷா கதையில் சிரிப்பு உண்டு. 1947இல் அவரும் யாஹியா கானும் டெல்லியில் ஒரே இடத்தில் வேலை. மானெக்‌ஷாவின் மோட்டார் சைக்கிள் மேல் யாஹியாவுக்கு ஆசை. 1000 ரூபாய்க்குப் பேசி, போய்ச் சேர்ந்ததும் பணம் அனுப்புகிறேன் என்று வண்டியோடு பாகிஸ்தான் போனார். பணம் வரவே இல்லை. 1971இல் யாஹியா அதிபர், மானெக்‌ஷா நம் தளபதி. டிசம்பர் 3 தொடங்கி 16ஆம் தேதி டாக்காவில் சரணாகதி. கைதிகள் மட்டும் சுமார் 93,000 பேர். வண்டிக்குப் பணம் தராத யாஹியா பாதி நாட்டைக் கொடுத்து கணக்கை முடித்துவிட்டார் என்று மானெக்‌ஷா பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார். ஜெயித்தவர் சொன்ன வேடிக்கை, அதனால் சிரிக்கிறோம். ஆனால் அந்தக் கைதிகளைக் கௌரவமாக நடத்த வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

அவர் கடைசிவரை வாழ்ந்தது நம் குன்னூரில். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார், 94 வயது. ஊட்டியில் பார்சிகளின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். டெல்லியிலிருந்து பெரிய தலைகள் யாரும் வரவில்லை என்று அப்போது பத்திரிகைகளில் எழுதினார்கள். நாட்டுப்பற்று பேசுவது சுலபம், நீலகிரி ஏறி வருவது கஷ்டம் போலிருக்கிறது.

இனி என் குறையையும் சொல்லிவிடுகிறேன். 1999, கார்கில் போர். நம் திருச்சியின் மேஜர் சரவணன் மே மாதக் கடைசியில் படாலிக்கில் வீழ்ந்தார். அவர் உடல் மலையிலிருந்து வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஊரே கொதித்துப் போயிருந்தது. பிரார்த்தனைக் கூட்டத்தில் நான் உங்களைக் கோஷம் போட வைத்தேன். அன்று வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அந்தப் பக்கம் செத்தவங்களுக்கும் அம்மா இருப்பாங்கதானே?" என்று கேட்டான். "உட்காருடா" என்றேன். அவ்வளவுதான். கேட்டது யார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. நல்ல கேள்விக்கு பதில் சொல்லாமல் உட்கார வைத்த டீச்சர் நான். அதன் பிறகுதான் இந்தக் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

என் இரண்டு பிள்ளைகளே, உங்களுக்கு நடுவில் யாரும் எல்லைக்கோடு போடவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறீர்கள். அந்தச் சொல்லைச் சொன்னவன் அதைத் திரும்பப் பெற வேண்டும். அதில் டீச்சருக்குச் சமரசம் கிடையாது. மற்றவன், அவன் வந்து நின்றால் முகத்தைத் திருப்பக் கூடாது.

நாளை மாலை நாலு மணிக்கு வீட்டில்தான் இருப்பேன். சீடை, முறுக்கு மிச்சம் இருக்கிறது. சேர்ந்து வாருங்கள். தனித்தனியாக வந்தால் காபி கிடையாது.