அல்சூரும் அடிபம்பும் ஒரு அண்டா பீரும்

அல்சூரில் இருந்து அக்கா பையன் கேட்டிருந்தான்: "மாமா, வீட்டுல பீர் காய்ச்ச சல்லிசா எந்த பம்பு வாங்கலாம்? ஏர் கூலர் பம்பு போதுமா?"

அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போய்விட்டது. சரி, பதிவாகவே போட்டுவிடலாம் என்று இங்கே. நான் பி.காம். பம்பு பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். பத்து வருஷம் பம்புசெட் லோன் பேப்பர் பார்த்த தகுதிதான். :-)

டிஸ்கி முதலில். நான் இருப்பது இங்கிலாந்தில், டெர்பியில். இங்கேயே 1880-ல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டத்தால் வீட்டில் பீர் காய்ச்சவும் லைசென்ஸ் தேவைப்பட்டது. 1963 பட்ஜெட்டில்தான் நிதியமைச்சர் மாட்லிங் அதை எடுத்தார். அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வழி திறந்தது. கர்நாடகத்தில் 1965 கலால் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குத்தான் என்றாலும். ஆகவே தம்பி, நீ இதைச் சரித்திரமாகப் படி. காய்ச்சுவதை இங்கே லீவுக்கு வரும்போது என் அண்டாவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி விஷயம்.

நம்ம ஊருக்கும் பீருக்கும் உள்ள உறவு பப்புகள் வந்த பிறகு ஏற்பட்டது இல்லை. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு வெள்ளைக்காரப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. கொசுவும் காய்ச்சலும் தாங்கவில்லை. கொஞ்ச வருஷத்தில், 1809 வாக்கில், அல்சூர் ஏரியை ஒட்டிய மேட்டுக்கு ஜாகை மாற்றினார்கள். அதுதான் கன்டோன்மென்ட். படையோடு சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், கான்ட்ராக்டர் என்று தமிழ்ச் சனமும் வந்து இறங்கியது. பலாமரங்களால் 'ஹலசூரு' என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊர் நம் வாயில் அல்சூர் ஆனது.

பட்டாளத்துக்குத் தாகம் அதிகம். சாராயம் குடித்து ஆஸ்பத்திரியில் விழுவதைவிட பீர் குடிக்கட்டும் என்று மேலதிகாரிகள் நினைத்தார்கள். கப்பலில் வந்த பர்ட்டன் பீர் விலை ஜாஸ்தி. அதனால் மலைகளில் மதுச்சாலைகள் முளைத்தன. 1850-களில் கசௌலி, 1860-ல் முர்ரீ, நம் பக்கம் நீலகிரி. 1857-லேயே தொடங்கிய காசில் புருவரி உட்பட தென்னிந்தியாவின் ஐந்து மதுச்சாலைகளை 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கினார். அதுதான் யுனைடெட் புருவரீஸ். பெரிய பெரிய மரப்பீப்பாய்களை மாட்டுவண்டியில் ஏற்றி சென்னை, பெங்களூர், நீலகிரி பட்டாளங்களுக்கு அனுப்பினார்கள். 1947-ல் அதன் முதல் இந்திய இயக்குநரானவர் விட்டல் மல்லையா. இன்று யு.பி. சிட்டி கோபுரங்கள் நிற்பது பழைய மதுச்சாலை இருந்த இடத்தில்தான்.

பீப்பாய் வந்துவிட்டது. அதில் இருந்து பீரை எப்படி எடுப்பது? பீப்பாயை மேடை மேல் வைத்துக் குழாயைத் திறந்தால் போதும். ஆனால் பீர் குளிர்ச்சியாக இருக்கப் பாதாள அறையில் வைத்தார்கள். குடிப்பவர் மேலே இருக்கிறார். இதற்குத்தான் கைப்பம்பு. 1797-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் பிராமா. பேங்க்காரனான எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும், ஏனென்றால் அவர் பூட்டுக்காரர். "இதைத் திறப்பவருக்கு 200 கினி" என்று லண்டனில் கடை ஜன்னலில் அவர் கம்பெனி ஒரு பூட்டை வைத்தது. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து 16 நாளில் 51 மணி நேரம் மெனக்கெட்டுத் திறக்கும் வரை அது அசையவில்லை. அதே மூளைதான் இன்று என் தெருமுனை பப்பில் நான் பார்க்கும் கைப்பிடிக்கும் மூலம்.

அந்தக் கைப்பம்புகளில் ஒரு வில்லங்கம் இருந்தது. குழாய்கள் ஈயம். ராத்திரி முழுக்க ஈயக் குழாயில் நின்ற பீரைக் காலையில் முதலில் வருபவருக்கு ஊற்றினால் ஈயமும் சேர்ந்து போகும் என்று 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பீர் கொஞ்சம் புளிப்பான சரக்கு, உலோகத்தை மெல்ல அரிக்கும். தம்பியின் ஏர் கூலர் பம்புக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. அது தண்ணீரைப் பஞ்சில் ஊற்றச் செய்யப்பட்ட பொருள். உள்ளே என்ன பிளாஸ்டிக், என்ன பசை என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மலிவு பித்தளையிலும் ஈயம் இருக்கும். நீ குடிப்பதைத் தொடப்போகும் பாகம் உணவுக்கு ஏற்றது என்று எழுத்தில் இருக்க வேண்டும். மற்ற எதில் வேண்டுமானாலும் காசு மிச்சம் பிடி.

இரண்டாவது பாடமும் அல்சூர் சம்பந்தப்பட்டதே. ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் முகாம் தெரியும் இல்லையா? 1867-68-ல் அபிசீனியாவுக்கு நேப்பியர் தலைமையில் படை போனபோது இவர்களின் கம்பெனிகளும் போயின. 'அபிசீனியா' என்பது இன்றும் அவர்கள் போர்க் கௌரவங்களில் ஒன்று. அந்தப் படை கூடவே எடுத்துப்போன ஒரு சாமான் நார்ட்டன் குழாய்க்கிணறு. முனை கூர்மையான, துளை போட்ட இரும்புக் குழாயைச் சம்மட்டியால் தரையில் அடித்து இறக்கி, உச்சியில் ஒரு கைப்பம்பை மாட்டினால் தண்ணீர். கிணறு தோண்டும் கூலி மிச்சம். போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் அதற்கு 'அபிசீனியக் கிணறு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் காலத்து மலிவு பம்பு என்றால் இதுதான்.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் எட்டு மீட்டருக்குக் கீழே போனால் எவ்வளவு அடித்தாலும் வராது. ஏன்? பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. அது குழாயில் காற்றைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர். சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் 9 மீட்டர் சொச்சம். நடைமுறையில் அதுவும் கிடைக்காது.

நம்ம ஊர் அடிபம்பு இதை எப்படிச் சமாளித்தது? 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, கோவைப் பக்கம் சோதித்து, சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தயாரித்த இந்தியா மார்க் 2-ஐச் சொல்கிறேன். நாம் அடிப்பது மேலே இருக்கும் கைப்பிடியைத்தான். வேலை செய்யும் சிலிண்டர் கீழே, தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறது. இழுக்கிற பேச்சே இல்லை, மேலே தூக்கிவிடுவது மட்டும்தான். அதனால்தான் 40 மீட்டர் ஆழத்தில் இருந்தும் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் தொங்கி ஆடியும் தாங்கியது.

இதை அப்படியே பீர் அண்டாவுக்குக் கொண்டுவாருங்கள். மால்ட்டை 65, 67 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து வடித்த கஷாயத்தை அண்டாவில் கொதிக்கவிடுகிறோம். கொதிக்கிற திரவத்துக்கு உறிஞ்சும் உயரம் பூஜ்யம். பம்பு லேசாகக் காற்றைக் குறைத்தாலும் கஷாயம் ஆவியாகிவிடும். பம்பு வெறும் குமிழியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். "மலிவு பம்பு, இழுக்க மாட்டேங்குது" என்று திட்டுபவர்களில் பாதிப்பேர் பம்பை அண்டாவின் விளிம்புக்கு மேலே வைத்தவர்கள். அண்டாவின் அடிக்குழாய்க்குக் கீழே, தரையோடு தரையாக வை. கஷாயம் தானாக இறங்கி பம்பை நிரப்பட்டும். நுழையும் குழாய் அகலமாக, குட்டையாக, மேடுபள்ளம் இல்லாமல். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியே போகும் பக்கம் வால்வைத் திருகு; உள்ளே வரும் பக்கம் ஒருபோதும் கை வைக்காதே.

எந்த வகை? காந்தத்தால் சுற்றும் மையவிலக்கு பம்பு. மோட்டாரின் அச்சு திரவத்துக்குள் நுழைவதே இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு காந்தம் சுற்ற, இந்தப்பக்கம் விசிறியோடு இணைந்த காந்தம் கூடவே சுற்றும். சீல் இல்லை, ஒழுகல் இல்லை, கிரீஸ் பீரில் கலக்க வழி இல்லை. அமெரிக்காவில் வீட்டில் காய்ச்சுபவர்கள் ரொம்ப நாளாக நம்பியது மார்ச் 809. அது விலை கூட. சூரிய வெந்நீர் அமைப்புகளுக்காகச் செய்த 12 வோல்ட் குட்டி பம்புகள் பிறகு வந்தன. இங்கே 20 பவுண்டு அளவில் கிடைக்கிறது, 100 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கலாம். ஈரத்தில் நின்று வேலை செய்யும் இடத்தில் 12 வோல்ட் என்பதே ஒரு நிம்மதி. திரவம் இல்லாமல் ஓட்டினால் மட்டும் சீக்கிரம் செத்துவிடும், ஏனென்றால் உள்ளே ஓடும் திரவம்தான் அதற்கு எண்ணெய். ஆர்.ஓ. மெஷினில் வரும் டயஃப்ரம் பம்பு தானாக உறிஞ்சும்தான்; ஆனால் அதன் மடிப்புகளில் சர்க்கரைத் தண்ணீர் தங்கினால் கழுவி மாளாது. பாக்டீரியாவுக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட்ட மாதிரி.

பாஸ்டர் 1876-ல் பீர் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியதே இந்தக் கிருமிக் கவலையில்தான். ஆகவே காய்ச்சி முடித்த உடனே, காய்வதற்குள், சுடுதண்ணீரை பம்பு வழியே சுற்றவிட்டு, தலைப்பாகத்தைக் கழற்றிக் கழுவு.

இப்போது ஏர் கூலர் பம்புக்கு ஒரு வேலை தருகிறேன். கொதித்த கஷாயத்தைச் சீக்கிரம் ஆறவைக்க செப்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்கி, சுருளுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுவோம். பலரும் நல்லியை நேராக மாட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறார்கள். பெங்களூரில் இது அடுக்காது. 1890-களில் ஹெசரகட்டா ஏரித் தண்ணீரை வாய்க்காலில் சோலதேவனஹள்ளிக்கு இறக்கி, அங்கிருந்து நீராவி பம்புகளால் ஊருக்கு ஏற்றினார்கள். கவனியுங்கள், அங்கேயும் முதலில் இறக்கம், பிறகுதான் பம்பு. 1974-ல் காவிரி வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், மூன்று கட்டமாக, மொத்தம் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வரும் தண்ணீர் அது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். எனவே முதலில் ஒரு பக்கெட் நீரை ஓடவிட்டுச் சூட்டை இறக்கு. அந்த வெந்நீர் பாத்திரம் கழுவ ஆகும். பிறகு இன்னொரு பக்கெட்டில் ஐஸ் போட்டு, கூலர் பம்பை அதில் முக்கி, அதே தண்ணீரைச் சுருளுக்குள் சுற்றவிடு. பம்பைத் தொடுவது வெறும் தண்ணீர். கஷாயத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஈயமா, பசையா என்ற கேள்வியும் இல்லை.

புளித்து முடிந்த பீருக்கு எந்த பம்பும் வேண்டாம். விலை உயர்ந்ததும் வேண்டாம். பம்பு கலக்கிவிடும் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன், பீரை நனைந்த அட்டைப்பெட்டி வாசத்துக்குக் கொண்டுபோய்விடும். மேஜை மேல் ஒரு வாளி, தரையில் ஒரு வாளி, நடுவே சுத்தமான ட்யூப். விக்டோரியா காலத்துப் பெரிய மதுச்சாலைகளே இப்படித்தான் கட்டப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஹுக் நார்ட்டன் என்ற ஊரில் அப்படி ஒரு கோபுரக் கட்டடம் இருக்கிறது. 1899-ஆம் வருஷத்து நீராவி இயந்திரம் இன்னும் உள்ளே நிற்கிறது. அதன் பெரிய வேலை தண்ணீரை உச்சிக்கு ஏற்றுவது. அதன் பிறகு மால்ட், கஷாயம், பீர் எல்லாம் மாடி மாடியாகக் கீழே இறங்கி வரும்.