கிளிட்ச் கலையும் காணொளிக் கண்கட்டும்

கிளிட்ச் கலை என்பது டிஜிட்டல் படத்தில் நேரும் பழுதை வேண்டுமென்றே வரவழைத்து, அந்தப் பழுதையே பார்க்கத் தரும் கலை. அடைமழையில் டிஷ் ஆன்டெனா சிக்னல் இழக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து "படம் கட்டம் கட்டமா நிக்குது" என்று குரல் எழுமே, அந்தக் கட்டங்கள்தான் இதன் மூலப்பொருள். கண்கட்டு வேறு வகை. அதில் கோப்புக்கு ஒன்றும் ஆவதில்லை, பார்க்கிறவரின் கண்தான் ஏமாறுகிறது. காணொளியில் சோதனை செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்தே கையாள்கிறார்கள். இரண்டும் கைவைப்பது ஒரே இடத்தில்: ஒரு படமும் இன்னொரு படமும் சேரும் ஒட்டில்.

ஒட்டை வைத்து விளையாடுவது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பழைய பழக்கம். அறந்தாங்கியை அடுத்த ஆவுடையார்கோயில் ஆத்மநாதசுவாமி கோயிலில் கூரை விளிம்பான கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை தெரியும்: சரிந்து இறங்கும் கைமரங்கள், குறுக்கே ஓடும் சட்டங்கள், அவை சேரும் இடங்களில் குமிழ் வைத்த ஆணிகள். அத்தனையும் கருங்கல். ஆணி அடிக்க அங்கே வேலையே இல்லை. இல்லாத ஒட்டைச் செதுக்கிக் காட்டியிருக்கிறார்கள். கல்தானா என்று சந்தேகப்பட்ட வெள்ளைக்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது. கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதிய பழைய சிற்பிகள், 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்களாம்.

திரையில் ஒட்டு வித்தையைக் காட்டியவரும் புதுக்கோட்டைக்காரர்தான். 1916இல் பிறந்து நாடகக் கம்பெனியில் வளர்ந்த பி.யு. சின்னப்பாவின் பெயரில் உள்ள 'பி' புதுக்கோட்டையைக் குறிப்பது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் அவருக்கு இரட்டை வேடம். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று அதைச் சொல்வார்கள். 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' இன்னும் ஒருபடி மேலே போனது. அதன் கச்சேரிக் காட்சியில் பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. 1965இன் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசன் பலராக வந்து பாடி வாசித்ததை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் முந்திய சின்னப்பாவுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இத்தகைய காட்சிக்கு இருந்த ஒரு வழி எளிமையானது, ஆனால் நரம்பைச் சோதிப்பது. லென்ஸின் ஒரு பகுதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருமுறை எடுக்க வேண்டும். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, எடுத்த பகுதியை மறைத்து, நடிகரை வேறு இடத்தில் உட்காரவைத்து மறுபடி எடுக்க வேண்டும். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் கோடு விழும். தாளம் போடும் கை அந்தக் கோட்டைத் தாண்டினால் மணிக்கட்டோடு காணாமல் போகும். இன்று எடிட்டிங் மென்பொருளில் 'மாஸ்க்' என்ற பெயரில் இதைச் சில நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனாலும் அசையாத ஸ்டாண்டும் மாறாத வெளிச்சமும் இன்றைக்கும் வேண்டும். வாசலில் எடுக்கும்போது ஒரு மேகம் கடந்தால் போதும், ஒட்டு பல்லைக் காட்டிவிடும்.

இந்தக் கண்கட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள். தாமரை விரிய, உள்ளே மணப்பெண் முகம் தெரியும் 'மிக்ஸிங்' இல்லாத கேசட் ஒரு காலத்தில் கிடையாது. பச்சைத் திரைமுன் எடுத்து, பச்சையை மட்டும் நீக்கிப் பின்னால் வேறு காட்சி வைக்கும் குரோமா கீ முறையும் அவர்கள் கையில் புழங்கியதே. இதில் பெண் பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் போச்சு: கழுத்துக்குக் கீழே புடவை இருக்க வேண்டிய இடத்தில் அருவி கொட்டும். ஸ்டுடியோக்காரருக்கு அது தலைவலி. கிளிட்ச் கலைஞர் அதைத் தேடிப் போய் எடுப்பார்.

'கிளிட்ச்' என்ற சொல் அமெரிக்க விண்வெளிப் பொறியாளர்களின் பேச்சிலிருந்து வெளியே பரவியது. மின்னழுத்தத்தில் திடீரென்று வரும் துள்ளலை அவர்கள் இப்படிச் சொல்வதாக விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962இல் எழுதினார். 1965இல் கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக், தொலைக்காட்சிப் பெட்டிமேல் பெரிய காந்தத்தை வைத்துப் படத்தை வளைத்தார். டிஜிட்டல் காலத்தில், ஒரு காட்சி இன்னொன்றுக்குள் உருகி வழிவதுபோல் அமைந்த தகேஷி முராதாவின் 'மான்ஸ்டர் மூவி' (2005) காணொளி பெயர் பெற்றது. 2009இல் ராப் பாடகர் கான்யே வெஸ்டின் 'வெல்கம் டு ஹார்ட்பிரேக்' பாடல் காணொளிக்குப் பிறகு இந்த உருகல் பாணி உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நெதர்லாந்துக் கலைஞர் ரோசா மென்க்மன் இதற்கு ஒரு கோட்பாடே எழுதியிருக்கிறார்.

உருகல் எப்படி வருகிறது? காணொளிக் கோப்பில் எல்லாப் படமும் முழுசாக இருப்பதில்லை; இருந்தால் கோப்பு பல மடங்கு பெருத்துவிடும். அங்கங்கே ஒரு முழுப் படம் மட்டும் சேமிக்கப்படும். மென்பொருளில் அதற்கு ஐ-ஃபிரேம் அல்லது கீ-ஃபிரேம் என்று பெயர். இடையில் வருபவை வெறும் கட்டளைகள்: போன படத்தில் இந்த இடத்தில் இருந்த கட்டத்தை எடு, நாலு புள்ளி வலப்பக்கம் தள்ளு, நிறத்தைக் கொஞ்சம் திருத்து. எம்பெக் முறைகளில் அந்தக் கட்டம் 16க்கு 16 புள்ளி அளவுள்ளது. கீறல் விழுந்த விசிடியில் கதாநாயகன் முகம் சதுரம் சதுரமாகச் சிதறியதற்கும் இதுதான் காரணம்.

முழுப் படத்தை மட்டும் அழித்துவிட்டுக் கட்டளைகளை விட்டுவைப்பதே டேட்டாமாஷிங். ஒரு உதாரணம் பார்க்கலாம். கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் சனவரியில் ஜல்லிக்கட்டு நடக்கும்; பல ஆண்டுகளில் தமிழ்நாட்டின் முதல் வாடிவாசல் திறப்பது அங்கேதான். ஆவுடையார்கோயில் தெருவைப் பத்து வினாடி அசையாமல் எடுத்து, அதன் பின்னால் தச்சங்குறிச்சியில் காளை பாயும் துண்டை ஒட்டி, இரண்டாம் துண்டின் முதல் கீ-ஃபிரேமை நீக்கினால் காளையின் கட்டளைகள் தெருவின்மேல் செயல்படத் தொடங்கும். திரையில் காளை இருக்காது. சுவர் மட்டும் திமில் அளவுக்குப் புடைத்து, கொம்பு வீசிய பக்கம் கிழிந்து இழுபடும். போகப் போகக் காளையின் கறுப்பு சுண்ணாம்புக்குள் கசிந்து வரும். புழுதி பறக்கும் காட்சியாக இருந்தால் இன்னும் நல்லது, கட்டங்கள் நாலா திசையும் ஓடும். ஒரே கட்டளைச் சட்டகத்தை (ஃபிரேமை) இருபது, முப்பது முறை நகலெடுத்து அடுக்கினால் சுவர் வெல்லப்பாகு போல ஒரே பக்கமாக வழியும்.

இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் அவிடெமக்ஸ் பழைய பதிப்புகளில்தான் பலர் பழகியிருக்கிறார்கள். ஃபோன் தரும் ஹெச்.264 கோப்பு எளிதில் வசப்படாது. ஒரு சட்டகம் பல சட்டகங்களைச் சார்ந்து நிற்பதால் நினைத்தபடி உடையாது. முதலில் எக்ஸ்விட் வகை எம்பெக்-4 ஆக மாற்றிக்கொண்டு வெட்டுவதே வழக்கம். இன்னொரு வழி, சுருக்காத படக்கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து எதிரொலி சேர்ப்பது. படத்தின்மேல் எதிரொலி பேயுருவாகப் படியும். கோப்பின் தலைப்பகுதியை மட்டும் தொடக்கூடாது, தொட்டால் திறக்காது.

கோப்பை உடைக்காமலேயே ஃபோன் கேமரா செய்யும் கண்கட்டுகளும் உண்டு. மூன்று இறக்கை மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றட்டும். வினாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அது சரியாக 60 பாகை நகரும். வெளிச்சம் நன்றாக இருந்து ஷட்டர் வேகம் கூடுதலாக இருந்தால், திரையில் ஆறு இறக்கை நின்ற இடத்திலேயே துடிக்கும். வேகம் துளி குறைந்தால் அந்த ஆறும் பின்பக்கமாக ஊரும். நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழா போன்ற இரவுகளில் சீரியல் செட் விளக்குகளைப் படம் பிடிக்கிறவர்கள் காணும் கறுப்புப் பட்டைகள் இன்னொன்று. விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து எரிகிறது, கேமராவோ படத்தை வரிசை வரிசையாகப் படிக்கிறது. அணைந்த நேரத்தில் படித்த வரிசைகள் இருட்டாகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டின் பட்டை 1/50 அல்லது 1/100 ஷட்டரில் மறைந்துவிடும். எல்இடி பலகைகள் தமக்கென்று வேறு தாளம் வைத்திருப்பதால் எப்போதும் கட்டுப்படுவதில்லை.

அந்த வரிசைப் படிப்பை வேண்டுமென்றே இழுத்து நீட்டினால் ஸ்லிட்-ஸ்கேன். 1080 வரிசை உள்ள படத்தில் ஒவ்வொரு வரிசையையும் ஒரு படம் தள்ளி எடுத்தால், வினாடிக்கு 25 படம் என்ற கணக்கில் உச்சிக்கும் அடிக்கும் 43 வினாடி இடைவெளி விழும். கரகம் தலையில் வைத்துச் சுழலும் ஆட்டக்காரர் முறுக்கிய கயிறாக மாறுவார். போலந்துக்காரர் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி 1988இல் 'த ஃபோர்த் டைமென்ஷன்' படம் முழுவதையும் இப்படித்தான் அமைத்தார்.

மின்னும் படத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான 'போக்கிமான்' கார்ட்டூன் தொடரின் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால் 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வினாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் வேண்டாம் என்பது ஒளிபரப்புத் துறையில் புழங்கும் அளவு.

முடிந்த வேலையைக் காப்பாற்றுவதுதான் கடைசித் தொல்லை. உடைந்த கோப்பை விஎல்சி ப்ளேயர் ஒரு மாதிரி காட்டும், ஃபோன் வேறு மாதிரி காட்டும், சில கருவிகள் காட்டவே மறுக்கும். எனவே நன்றாக வந்த இடத்தைத் திரைப்பதிவாகவோ மறு என்கோடாகவோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். உடையாத மூலக் கோப்பின் நகல் தனி ஃபோல்டரில் இருக்கும்.