இம்பீரியல் ஓட்டலும் ஒரு தட்டு கறியும்

ஆரணியில தறிச் சத்தத்தோட வளர்ந்தவனுக்கு டோக்கியோ இம்பீரியல் ஓட்டல்ல ரூம்! கம்பெனி காசுதாங்க.

1890-ல் தொடங்கிய ஓட்டல் இது. ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த கட்டடத்துக்கு 1923 செப்டம்பர் 1-ல் திறப்பு விழா. அன்றைக்கே பெரும் பூகம்பம். தப்பிச்சு நின்றதை 1968-க்குள் மனுசங்களே இடிச்சிட்டாங்க.

ராத்திரி பசி. கின்சாவுக்கு நடந்தேன். அங்கே நாயர் ரெஸ்டாரன்ட், 1949-ல் ஏ.எம். நாயர் தொடங்கியது. ராஷ் பிஹாரி போஸின் விடுதலை இயக்கத் தோழர் அவர். 1915-ல் ஜப்பானுக்குத் தப்பி வந்த போஸை ஷின்ஜுகுவில் ஒளித்து வைத்தது நகமுராயா பேக்கரி. அங்கே 1927-ல் இந்தியக் கறி வந்ததற்கு அவர்தான் காரணம். சுதந்திரத்தைப் பார்க்காமலே 1945-ல் போயிட்டார்.

ஊருக்கு போன் போட்டேன். "என்னப்பா சாப்பிட்ட?"ன்னாங்க அம்மா. "சோறும் கறியும்மா"ன்னேன். அடுத்த வாரம் எனக்கு ஆரணி. அவருக்கு?