பட்டியலின் முதல் பெயர்

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பத்து ஆண்டுகள் நின்றவள் நான். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பெண்கள், சூப்பர்வைசர் ஆண். ஞாயிறன்று ஆலயத்திலும் அப்படித்தான். கூட்டித் துடைப்பதும் சமைத்துப் பரிமாறுவதும் நாங்கள். கமிட்டியில் உட்காருவது அவர்கள். நல்ல தலைவர் யார் என்று பிரசங்கம் வந்தால் மோசே, தாவீது, நெகேமியா.

எனக்குக் கிளாரிந்தா நினைவுக்கு வருவார். தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியுடன் மணமின்றி வாழ்ந்தார் என்பதால் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. அதிகாரி இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயர் அதைக் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. அவர் முன்நின்று கட்டிய ஆலயம் 1785இல் திறக்கப்பட்டது. ஊரார் அதைப் 'பாப்பாத்தி அம்மாள் கோவில்' என்றார்கள். அவர் ஏற்ற பெயரைவிட, விட்டுவந்த சாதியே ஊர் வாயில் நிலைத்தது.

அவருக்கு வசதி இருந்தது, எங்களுக்கு இல்லை. ஆனால் விலக்கப்பட்டவர் கசந்து ஒதுங்காமல் மற்றவர்களைச் சேர்த்தாரே, அந்தக் குணத்துக்கு வசதி வேண்டியதில்லை.

சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுவைக் காட்டி, தலைமை என்பது தொண்டுதான் என்கிறார்கள். அப்படியானால் தொண்டெல்லாம் செய்யும் பெண்களிடம் தலைமை ஏன் வரவில்லை? தொண்டு எங்களுக்குக் கடமை, அவர்களுக்கு மட்டும் தகுதியா?

இந்த முறை கமிட்டித் தேர்தலுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.