வரைபடமும் நாட்குறிப்பும்: வாவிப் பாலங்களை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

பாலமொன்று கட்டப் புகுவோர் கையில் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று வரைபடம்; தூண் எங்கே நிற்கும், எவ்வளவு உயரும் என்பதை அது கூறும். மற்றையது வேலை அட்டவணை. எப்பணி எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும் என்பதை அது கூறும். இடத்தைக் கூறுவது காலத்தைக் கூறாது. காலத்தைக் கூறுவது இடத்தைக் கூறாது. இவ்விரண்டையும் இணைத்துக் காணும் வேலை நெடுங்காலம் தலைமைப் பொறியியலறிஞரின் மனத்தகத்தே மட்டும் நடந்து வந்தது. அது பிறர் கண்ணுக்கும் புலனான வரலாற்றை நம் வாவிக்கரையில் நின்று நோக்குவாம்.

ஆளுநர் வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய கல்லடி இரும்புப் பாலம் பிரித்தானியர் ஆட்சியில் எழுந்தது. அதற்கு முன்னரே மேனாட்டில் அட்டவணைக் கலை உருப்பெற்றுவிட்டது. போலந்து நாட்டுக் கரோல் அடமியெக்கி 1896 இல் ஒருவகைப் பட்டைப்படம் அமைத்தார். 1910 களில் அமெரிக்கரான ஹென்றி கான்ற் அமைத்த படமே உலகெங்கும் பரவியது. வேலைக்கொரு பட்டை, பட்டையின் நீளமே நாட்கணக்கு. எனினும் ஒரே கிழமையில் நிகழவேண்டிய இரு வேலைகள் ஒரே நீர்ப்பரப்பை நாடி நிற்கும் என்பதை அப்பட்டைகள் உரைக்கமாட்டா.

1957 இல் டூபொன்ற் நிறுவனத்தின் பொருட்டு மோர்கன் வோக்கர், ஜேம்ஸ் கெல்லி என்னும் இருவர், எவ்வேலைகள் தாமதித்தால் முழுப்பணியும் தாமதிக்கும் என்று கணித்தறியும் முறையை வகுத்தனர். மறு ஆண்டில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்கென அதனையொத்த முறையொன்றைக் கண்டது. இவை கணக்கிற் சிறந்தன, காட்சியிற் சிறந்தனவல்ல. 1980 களின் பிற்பகுதியிலேயே, பெக்ரெல் நிறுவனத்திலும் பின்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலும், கணினியில் அமைந்த முப்பரிமாண உருவத்தோடு அட்டவணை இணைக்கப்பட்டது. காலத்தை நான்காம் பரிமாணமாகக் கொண்டமையால் நாற்பரிமாண மாதிரி என்னும் பெயர் வந்தது.

அதன் இயல்பு எளிது. உருவத்திலுள்ள ஒவ்வொரு தூணுக்கும் உத்திரத்திற்கும் ஓர் அடையாள எண் உண்டு. அட்டவணையிலுள்ள வேலை அவ்வெண்ணோடு பிணைக்கப்படும். பின்னர் நாளைக் குறிப்பிட்டால் அந்நாளிற் கட்டிடம் எந்நிலையில் இருக்கும் என்பது திரையில் தோன்றும். பாரந்தூக்கி நிற்க வேண்டிய இடத்தில் முன்னமே ஒரு தூண் எழுந்துவிட்டமை, கல் ஏற்றிய வண்டி திரும்ப வழியின்மை முதலியன கல் நாட்டு முன்னரே வெளிப்படும். பட்டைப்படத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும். இதனைக் காணக் கண்ணிருந்தாற் போதும். இம்முறையின் பெரும் பயன் இதுவே என்பது எம் கருத்து.

நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டது. 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலம், பழையதன்மேற் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கையிலேயே அதன் அருகில் எழுந்தது. இத்தகைய இடத்தில் மாதிரி அமைப்பவர் புதியதை மட்டும் வரைந்தாற் போதாது. பழையதும் அதன்மேற் செல்லும் மக்களும் கணக்கிற்குள் வரவேண்டும். எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைக்கும் மண்முனைப் பாலம் 2014 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. யப்பானின் உதவியால் எழுந்த அதன் நீளம் 210 மீற்றர். அதற்குமுன் அவ்விடத்திற் கடப்பதற்குப் படகுப்பாதையே துணை. அதுவும், அது செல்லும் நீர்வழியும் மாதிரிக்குள் இடம்பெறத் தக்கன.

இவற்றினும் அரியது நீரின் நாட்காட்டி. பாலமீன்மடு முகத்துவாரம் கோடையில் மணலால் அடைபடும். வடகீழ்ப் பருவமழை பெய்து வெள்ளம் ஏறியபின் வெட்டப்படும். ஆகவே வாவியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றன்று. 1957 திசெம்பர்ப் பெருவெள்ளமும் 1978 நவெம்பர் 23 ஆம் நாட் சூறாவளியும் கார்த்திகை மார்கழியை அடுத்தே வந்தன. நீருள் அமையும் அடித்தளவேலை மாரிக்கு முன் முடியாதாயின், அடுத்த கோடைவரை அது கிடக்க நேரிடலாம். கணினியோ தன்னுள் இட்ட நாளையே அறியும். இடாத மழையை அறியாது. தூணுக்கு எண் கொடுத்து நீர்மட்டத்தை ஒரே கோடாக வரைந்துவிட்ட மாதிரி, எத்துணை அழகிதாயினும், ஆடி மாதத்து வாவியைத்தான் காட்டும்.

திரையிற் காண்பதை மீனவரும் காண இயலும் ஆதலின், அவ்விடத்தில் மார்கழியில் மிதவை நில்லாது என்று அவர் உரைக்கவும் இயலும். மண்முனைத் துறையிற் பாதை செலுத்தியோர் எம்மாதத்தில் எப்பக்கம் நீர் இழுக்கும் என்பதைத் தொழிலால் அறிந்தவர். பாலம் வந்தபின் அத்தொழில் அங்கு அற்றது. அவர்பாற் சென்று மாதந்தோறும் நீரின் போக்கைக் கேட்டு எழுதிவைப்பது நம் மாணவர் ஒரு விடுமுறைக்குள் முடிக்கக்கூடிய பணி.