ஆட்டிசம் பிள்ளைகளுக்குக் கழிவறைப் பழக்கம்: பெற்றோர் கவனத்திற்கு

காஜாங் - ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் கழிவறைப் பழக்கத்தைத் தாமதமாகவே கற்றுக்கொள்கின்றனர். இது அடமும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. சிறுநீர்ப்பை நிறைந்ததைச் சிலரால் உணர முடிவதில்லை. ஃபிளஷ் சத்தமும் ஈரத் தரையும் சிலரை அச்சுறுத்தும்.

முதலில் மலச்சிக்கல் உண்டா என்று பாருங்கள். குடலில் இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிந்து உள்ளாடையில் படும். அதை வயிற்றுப்போக்கு என எண்ணி மருந்து கொடுத்துவிடாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். பழகிய பிள்ளை திடீரென மீண்டும் நனைத்தாலும், சிறுநீர் போகும்போது வலித்தாலும் தாமதிக்க வேண்டாம்.

உணவுக்குப் பின் குடல் இயங்குவது இயல்பு. எனவே சாப்பிட்ட அரை மணி நேரத்திற்குள் 5 நிமிடம் உட்கார வையுங்கள். பாதம் ஊன்றச் சிறு முக்காலி வையுங்கள். சிலுவார் கழற்றுவது முதல் கை கழுவுவது வரை படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டிலும் பள்ளியிலும் பாட்டி வீட்டிலும் ஒரே சொல், ஒரே முறை இருக்கட்டும். அடித்தால் பிள்ளை அடக்கிவைக்கப் பழகும், சிக்கல் முற்றும்.

1986-இல் தொடங்கப்பட்ட நாசோம் எனும் மலேசிய ஆட்டிசம் சங்கம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மையங்கள் நடத்துகிறது. சமூக நலத்துறையின் ஓகேயூ அட்டைக்கு, மருத்துவர் உறுதிப்படுத்திய பின், கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதியலாம்.