உப்பும் வைப்பும்

திண்டிவனத்தினின்று புதுச்சேரி செல்லும் பெருவழியில் கிளியனூர் உள்ளது. அதற்கு வடகிழக்கே, கடலோரத்தில், மரக்காணத்து உப்பளங்கள் இன்றும் விளைகின்றன. இது பழைய ஓய்மானாட்டுப் பகுதி. சிறுபாணாற்றுப்படை போற்றும் நல்லியக்கோடனது கிடங்கில் இன்று திண்டிவனத்துள் அடங்கிவிட்டது. அப்பாட்டின் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர் பலர். தொழிலையும் நிதியையும் அரசு எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்னும் வினாவைப் பொருளியலார்க்கே உரியதென நாம் ஒதுக்கிவிடுகின்றோம். உமணர் வாழ்வைக் கற்ற தமிழ் மாணவர்க்கு அவ்வினா புறம்பானதன்று.

சங்கப் பாடல்களில் உமணர் வண்டி பூட்டிச் செல்கின்றனர். நெல்லுக்கு உப்பை மாறுகின்றனர். அரசின் மேற்பார்வையே அந்நாளில் இல்லை என்று கொள்ளற்க. சுங்கம் கொள்வோரையும் புலிப்பொறி இடப்பெறும் பண்டங்களையும் பட்டினப்பாலை காட்டுகின்றது. வடமொழி அர்த்தசாத்திரமோ உப்புக்கெனத் தனி அதிகாரியையே வகுத்து, வெளியிலிருந்து வரும் உப்பில் ஆறில் ஒரு பங்கு கொள்ளப் பணிக்கின்றது. ஆயினும் தவத்தோரும் ஊழியம் செய்வோரும் தம் உணவுக்கு வேண்டும் உப்பை எடுத்துக்கொள்ளலாம் என அந்நூலே விலக்கும் அளிக்கின்றது. இவ்விலக்கே ஈண்டுக் கருதத்தக்கது.

1805-இல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிற்று. விளைப்பவர் அரசுக்கே விற்றல் வேண்டும். அரசு குறித்த விலைக்கே மக்கள் கொள்ளல் வேண்டும். (அக்கணக்கேடுகளில் காணும் ‘கார்சு’ என்னும் அளவு நம் ‘கரிசை’யோடு உறவுடைய சொல்.) அண்டையிலிருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியும் தப்பவில்லை. 1818-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அங்கு உப்பு விளைத்தல் நிறுத்தப்பெற்று, ஆண்டுதோறும் 4,000 வராகன் ஈடாக வழங்கப்பட்டது. 1889-இன் சென்னை உப்புச் சட்டம் இக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கிற்று. 1930 ஏப்ரலில் வேதாரணியத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிய இராசகோபாலாச்சாரியார் சிறை புகுந்தார். வரி நீங்கியது 1947-இல்.

உப்பை மணிமணியாய் எண்ணிய இவ்வரசு, மக்களின் வைப்புத்தொகையை எவ்வாறு காத்தது? 1906 அக்டோபர் 22-இல் சென்னை அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அது பங்காளிகள் சிலரது நிறுவனம். தன் கணக்கை ஊரறிய வெளியிடும் கடப்பாடு அதற்கு இல்லை. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். சர் சார்ச் அர்பத்நாட்டுக்குக் கிடைத்த தண்டனை 18 திங்கள் கடுங்காவல். வி. கிருட்டிணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15-இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. மக்கள் விரைந்தனர், சட்டம் விரையவில்லை.

அரசின் தலையீட்டை வெறுத்தவராகவே ஆதம் சுமித்து நினைக்கப்படுகின்றார். ஆனால் அவரே 1776-இல் வெளிவந்த தம் நூலில், வங்கியைக் கட்டுப்படுத்தல் இயற்கை உரிமைக்கு மாறே எனினும், தீப்பரவாமல் வீடுகளுக்கு இடைச்சுவர் எழுப்பச் சொல்லும் சட்டத்தைப் போன்றது அது என உடன்படுகின்றார். உப்புச் சட்டம் இடைச்சுவர் அன்று. கருவூலத்தை நிரப்பும் வாயில். கட்டுப்பாடு என்னும் ஒரு சொல்லுள் இவ்விரண்டையும் அடக்கி வாதிடுவோர், தனியுரிமையின் கொடுமையைக் காட்டி வங்கிச் சட்டத்தையும் பழிப்பர். அது பொருந்தாது என்பதே என் கருத்து.

ரிசர்வ் வங்கி 1935-இல் தொடங்கிய பின்னரும் 1938-இல் திருவிதாங்கூர் நேசனல் குயிலான் வங்கி வீழ்ந்தது. வங்கிக் கம்பெனிகள் சட்டம் 1949-இல் பிறந்தது. கேரளத்துப் பாலாய் மத்திய வங்கி 1960-இல் மூடப்பட்ட பின்னரே, 1962 சனவரியில், வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது.